ஓபன் பேப்பரில் ஆட்டோவை விற்கலாமா?

கேள்வி: என் ஆட்டோவைக் கொட்டகலைக்காரர் ஒருவர் கேட்கிறார். "ஓபன் பேப்பர்ல கையெழுத்து மட்டும் போடுங்கண்ணே, பேரை அப்புறம் மாத்திக்கிறேன்" என்கிறார். கொடுக்கலாமா?
- வாசகர், ஹட்டன்

பதில்: வேண்டாம். வாங்குபவர் பெயர் நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதுதான் ஓபன் பேப்பர். பெயர் மாறாத வரை, அந்த ஆட்டோ நானுஓயா வளைவில் யாரையாவது இடித்தாலும் பொலிஸ் முதலில் தேடி வருவது வண்டியின் பதிவுப் புத்தகத்தில் பெயருள்ள உங்களைத்தான், அதற்குள் அவர் இன்னொருவருக்கு விற்றிருந்தால் யாரைப் போய்ப் பிடிப்பீர்கள்? வண்டி கைமாறிய 14 நாட்களுக்குள் விற்றவர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும், அதற்குத்தான் எம்.டி.ஏ. 6 படிவம். வாங்குபவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி எல்லாம் நிரப்பிய பிறகே கையெழுத்து. பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். வண்டியைக் கொடுத்த நேரத்தையும் எழுதி வாங்குங்கள், அன்று மாலையே விபத்து நடந்தால் அந்த ஒரு வரிதான் பேசும். காசோலை என்றால் பணம் கணக்கில் விழும் வரை சாவி உங்களிடமே இருக்கட்டும், தெரிந்த ஆள் என்றாலும் சரி.