பழைய புடவை, புதுப் போர்வை: வாசகர் கேள்வி – பதில்

போர்வை, குஷன் உறை, தோரணம் என்று வீட்டாருக்காகவே ஊசி பிடிப்பவர்கள் அனுப்பிய கேள்விகளும், அவற்றுக்கு எங்கள் தையல் பகுதி தரும் பதில்களும்.

அம்மா உடுத்திய நூல் புடவைகள் எட்டு இருக்கின்றன. பேரன் பேத்திகள் ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு போர்வை தைத்துக் கொடுக்க ஆசை. மெஷின் கிடையாது, கைத்தையல்தான். துணி போதுமா? எப்படித் தொடங்குவது? – வாசகி, மன்னார்குடி

போதும், கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். ஐந்தரை மீட்டர் புடவையை மூன்றாகக் கிழித்தால் ஒவ்வொரு துண்டும் ஏறக்குறைய 6 அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம் வரும். எட்டுப் புடவைக்கு 24 துண்டுகள். நம் ஊர் வெயிலுக்கு நான்கு அடுக்கு தாராளம். ஐந்து போர்வைக்கு 20 துண்டு போக, மீதி நான்கும் ஒட்டுப் போடவும் பட்டி வெட்டவும் ஆகும். நடுவில் பஞ்சோ ஸ்பாஞ்சோ வைக்க வேண்டாம். வங்கத்தின் காந்தா வேலையும் அடிப்படையில் இதுதான்: பழைய துணிகளை அடுக்கி ஓட்டுத் தையல் (ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிப் போடும் நேர்த் தையல்) போடுவது.

வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஃபால்ஸைப் பிரித்துவிட்டு, கஞ்சி முழுதும் போகும்வரை புடவைகளை அலசுங்கள். கஞ்சி ஏறிய துணியில் ஊசி இறங்காது. பூச்சியையும் அது கூப்பிடும். ஃபால்ஸ் பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்தது. புடவை சுருங்கும்போது அது சுருங்காமல் அலை அலையாக நிற்கும்.

அடுத்து, துணியின் தெம்பைப் பாருங்கள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் நைந்த இடம் சல்லடையாகத் தெரியும். சந்தேகம் இருந்தால் இரண்டு கட்டை விரல்களுக்கு நடுவே இரண்டு அங்குலத் துணியைப் பிடித்து இழுங்கள். ‘சர்’ரென்று நூல் விலகினால் அந்தப் பகுதி மேலே வரக்கூடாது. கொசுவம் வரும் இடமும், கணுக்காலில் உரசும் கீழ்க்கரையும் முதலில் நையும். தோளில் பின் குத்தின இடத்தில் பொத்தல் இருக்கும். அம்மாவுக்கு மிகவும் பிடித்த புடவை என்பதற்காக நைந்ததை மேலே வைத்தால் நாலு சலவையில் கிழிந்துவிடும். அதை உள்ளே இரண்டாவது, மூன்றாவது அடுக்காக வையுங்கள். கெட்டியானவை மேலும் கீழும் இருக்கட்டும். உள்ளே இருந்தாலும் அது அம்மாவின் புடவைதான்.

நான்கு கரைகளும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் ஓரம் பலகை மாதிரி ஆகிவிடும். தடித்த கரைகளை முதலிலேயே கத்தரித்து எடுத்துவிட்டால் சுற்றிப் பட்டி கட்ட அவையே உதவும்.

தரையைத் துடைத்து, அடித் துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, நான்கு மூலையிலும் டேப் ஒட்டுங்கள். அடுத்தடுத்த அடுக்குகளை நடுவிலிருந்து வெளியே உள்ளங்கையால் நீவிக்கொண்டே பரப்புங்கள். பிறகு வேறு நிற நூலில், ஒரு சாண் இடைவெளியில், நீளநீளமாகத் தற்காலிகத் தையல். இதையும் நடுவிலிருந்து ஓரத்துக்குத்தான் போட வேண்டும். இந்த ஒரு மணி நேரத்துக்குச் சோம்பல்பட்டால், பாதிப் போர்வை தைத்த பிறகு ஒரு மூலையில் துணி பை மாதிரித் தொங்குவதைப் பார்ப்பீர்கள்.

நிலைத் தையலுக்குக் காட்டன் நூல் போதும். எம்பிராய்டரி நூல் என்றால் ஆறு இழையில் இரண்டு இழை. பாலியஸ்டர் நூல் வேண்டாம். அது பழைய பருத்தியைவிட வலுவானது. இழுபடும்போது நூல் அறாது, துணிதான் அறும். வரிகளுக்கு நடுவே ஓர் அங்குலம் விட்டால் அழகு, இரண்டு அங்குலம் வரை தாங்கும். அதற்கு மேல் விட்டால் உள்ளே இருக்கும் நைந்த துணி சலவையில் சுருண்டு உருண்டுவிடும். ஓர் அங்குல இடைவெளியில் நீளவாக்கில் 44 வரி வரும், ஒவ்வொன்றும் 6 அடி. அதாவது 80 மீட்டருக்கு மேல் தையல். நூல் வாங்கும்போது போர்வைக்கு 100 மீட்டராகக் கணக்கு வையுங்கள். இரண்டு இழை சேர்ந்து வரும் நூலானால் இழைக் கணக்கு இரட்டிப்பாகும்.

முடிச்சை வெளியே விடாதீர்கள். மேல் அடுக்கில் மட்டும் ஊசியைக் குத்தி, நூலை ஒரு சுண்டு சுண்டினால் முடிச்சு ‘டப்’பென்று உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

பட்டி கட்டுவது அலுப்பு என்றால் இன்னொரு வழி உண்டு. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்துச் சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் ‘கவந்தி’ என்ற போர்வையில், ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்துத் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கிப் போவார்கள். ஓரம் முதலிலேயே முடிந்துவிடும். ஆனால் அந்த முறையில் துணியின் தளர்வெல்லாம் நடுவில் வந்து சேரும் என்பதால், ஒவ்வொரு சுற்றுக்கும் நீவி விட வேண்டும்.

5 அங்குலச் சதுரங்களை மெஷினில் இணைத்து 60 × 90 அங்குலத்தில் கட்டில் விரிப்பு தைத்தேன். அகலம் 57 அங்குலம்தான் வந்தது. மூலைகளும் ஒன்றோடொன்று சேரவில்லை. அளந்துதான் வெட்டினேன். தவறு எங்கே? – வாசகி, கோவை

உங்கள் தவறு கத்தரியில் இல்லை, தையலில் இருக்கிறது. தைத்த பிறகு 5 அங்குலம் நிற்க வேண்டிய சதுரத்தை ஐந்தரை அங்குலமாக வெட்டுகிறோம், நாலாபுறமும் கால் அங்குலம் தையலுக்குப் போகும். நீங்கள் கால் அங்குலத்துக்குப் பதில் அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) அங்குலம் கூடுதலாகப் பிடித்துத் தைத்திருந்தால், ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு பக்கமுமாகக் கால் அங்குலம் காணாமல் போகும். 12 சதுரம் கொண்ட வரிசையில் 11 இணைப்பு. மொத்தம் இரண்டே முக்கால் அங்குலம். உங்கள் 3 அங்குலம் போன இடம் ஏறக்குறைய இதுதான்.

துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டின் விளிம்பை நம்பித் தைக்காதீர்கள், மெஷினுக்கு மெஷின் அது மாறும். ஸ்கேலை ஃபுட்டின் கீழே வைத்து, கால் அங்குலக் கோட்டின் மேல் ஊசி முனை தொடும்படி சக்கரத்தைக் கையால் திருப்பி இறக்குங்கள். ஸ்கேலின் விளிம்பை ஒட்டி மெஷின் தட்டில் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டால் அதுதான் உங்கள் எல்லை. சரியா என்று பார்க்க, 2 அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி இணைத்து இஸ்திரி போடுங்கள். நடுப்பட்டை ஒன்றரை அங்குலம் இருக்க வேண்டும். ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் டேப்பை நகர்த்துங்கள்.

மூலைகள் சேர, முதல் வரிசையின் தையல் மடிப்புகளை எல்லாம் வலப்பக்கமும் அடுத்த வரிசையினதை இடப்பக்கமும் சாய்த்து இஸ்திரி போடுங்கள். வரிசைகளை இணைக்கும்போது மடிப்புகள் ஒன்றோடொன்று மோதி, தாழ்ப்பாள் போட்ட மாதிரி நிற்கும். இஸ்திரிப் பெட்டியை வேட்டி தேய்ப்பதுபோல் இழுக்கக்கூடாது. வைத்து, அழுத்தி, எடுக்க வேண்டும். இழுத்தால் சதுரம் சாய்சதுரம் ஆகிவிடும்.

துணிக் கணக்கு அடுத்த முறைக்கு உதவும்: 12 × 18 = 216 சதுரம். 44 அங்குலப் பன்னாவில் (துணி அகலத்தில்) ஓரக்கரையைக் கழித்தால் ஒரு வரிசைக்கு 7 சதுரம்தான் வரும், எட்டு வராது. 31 வரிசை வேண்டும். எல்லா நிறமும் சேர்த்து நாலரை மீட்டர். நிறம் அதிகமானால் ஒவ்வொன்றிலும் வீண் கூடும், 5 மீட்டராக வாங்கிவிடுங்கள். சுற்றுப் பட்டிக்கு இரண்டரை அங்குல அகலத்தில் 8 கீற்று, அரை மீட்டருக்குச் சற்று மேல்.

சிவப்புச் சுங்குடித் துணியை வெள்ளையோடு சேர்த்துத் தைக்கலாமா? கல் உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்கிறார்களே? – வாசகர், மதுரை

நிற்காது. உப்பு, சாயம் தோய்க்கும்போது நிறம் நூலுக்குள் ஏறத் துணை செய்யும். தோய்த்து முடிந்த துணியில் ஒட்டாமல் நிற்கும் சாயத்தை அது கட்டிவைக்காது. வினிகரும் பருத்திக்கு அப்படியே. தண்ணீர் நிறமில்லாமல் வரும்வரை தனியாக அலசி அலசி, மிச்சச் சாயத்தை வெளியேற்றுவது ஒன்றே வழி. பிறகு ஈரத் துணியின் மேல் வெள்ளைக் கைக்குட்டையை வைத்து இஸ்திரியால் அழுத்துங்கள். கறை ஏறினால் அந்தத் துணியை வெள்ளையோடு சேர்க்க வேண்டாம். கறுப்போடும் அரக்கோடும் சேருங்கள், சண்டை வராது.

போர்வையின் நடுவில் ஃபைபர் ஷீட் (பஞ்சு விரிப்பு) வைத்து மெஷினில் குறுக்குக் கோடுகள் போட்டேன். மேலே நன்றாக இருக்கிறது. திருப்பினால் அடித் துணியில் மடிப்பு மடிப்பாகச் சுருக்கம். – வாசகி, திருநெல்வேலி

மெஷினின் பல் அடித் துணியை மட்டும் பிடித்து நகர்த்துகிறது, மேலே ஃபுட் அழுத்திக்கொண்டு நிற்கிறது. இரண்டும் ஒரே வேகத்தில் போகாதபோது தளர்வு எங்காவது மடியத்தான் செய்யும். ஃபுட்டின் அழுத்தத் திருகை மேலே சற்றுத் தளர்த்துங்கள். தையல் நீளத்தை 3 மி.மீ.க்குக் கூட்டுங்கள். 16-ஆம் எண் ஊசி போடுங்கள். கடையில் வாக்கிங் ஃபுட் என்று கேட்டால் மேலேயும் பல் வைத்த ஒரு பாகம் கிடைக்கும். வாங்கும் முன் உங்கள் மெஷினுக்குப் பொருந்துமா என்று பாருங்கள். எல்லாக் கோட்டையும் ஒரே திசையில் தைப்பது நல்லது. ஒன்று மேலிருந்து, அடுத்தது கீழிருந்து என்று போனால் துணி முறுக்கிக்கொள்ளும்.

இத்தனை செய்தும் சுருக்கம் விழுந்தால் குற்றம் தற்காலிகத் தையலில். அடித் துணி இறுக்கமாக விரிக்கப்படவில்லை.

பழைய காஞ்சிப் பட்டுப் புடவையில் 16 அங்குல குஷனுக்கு உறை தைக்க வேண்டும். ஜிப் வைக்கத் தெரியாது. – வாசகி, காஞ்சிபுரம்

ஜிப் தேவையில்லை. முன்பக்கம் 17 × 17. பின்பக்கத்துக்கு 17 × 12 அளவில் இரண்டு. அந்த இரண்டிலும் 17 அங்குலப் பக்கம் ஒன்றை ஓர் அங்குலம் மடித்துத் தைத்து, ஒன்றின் மேல் ஒன்று 5 அங்குலம் ஏறும்படி முன்பக்கத்தின் மேல் வைத்து, சுற்றிலும் அரை அங்குலத்தில் தைத்துத் திருப்பினால் தலையணை உறை மாதிரித் திறப்பு கிடைக்கும். பருமனான குஷன் என்றால் 16 × 16-ஆகவே வெட்டலாம். உறை தளராமல் நிற்கும். அப்போது பின்துண்டுகளை 16 × 12 ஆக வெட்டி, 6 அங்குலம் ஏற விடுங்கள்.

பழம்பட்டின் வியாதி மடிப்பில் முறிவது. வருடக்கணக்காக ஒரே மடிப்பில் இருந்த கோட்டில் நூல் அறுந்திருக்கும். அந்தக் கோடு உறையின் நடுவில் வராதபடி வெட்டுங்கள். வெட்டுவதற்கு முன்பே பட்டின் உட்புறத்தில் மெல்லிய ஒட்டுக் கேன்வாஸை மிதமான சூட்டில் ஒட்டிவிட்டால் துணி பிரியாது. ஜரிகை முந்தானை பார்க்க அழகுதான், ஆனால் சாயும் இடத்தில் முதுகைச் சுரண்டும். முந்தானையைச் சுவரில் தொங்கவிடுங்கள். அதன் பின்னால் 9 அங்குல அகலப் பட்டையை இரண்டாக மடித்துக் குழாய் போலத் தைத்து வைத்தால் கம்பு செருகிக்கொள்ளலாம்.

மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். குழந்தைக்குப் போர்த்த மெத்தென்ற குயில்ட் தைக்கிறேன். – வாசகி, நாகர்கோவில்

தையுங்கள். ஆனால் குழந்தை தூங்கும்போது மேலே போர்த்துவதற்காக வேண்டாம். ஒரு வயது ஆகும்வரை, தூங்கும் குழந்தையைச் சுற்றித் தளர்வான போர்வை, தலையணை எதுவும் இருக்கக்கூடாது. முகத்தை மூடிவிட்டால் விலக்கத் தெரியாது. விழித்திருக்கும் நேரத்தில், பக்கத்தில் ஆள் இருக்க, தரையில் குப்புறப் படுத்து விளையாடும் விரிப்பாகத் தையுங்கள். 40 × 40 அங்குலம், துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆன வேட்டி நான்கு அடுக்கு. பொத்தான், மணி, கண்ணாடி, ஜரிகை எதுவும் கூடாது. கைத்தையல் நீளமாக இருந்தால் பிஞ்சு விரல் மாட்டிக்கொள்ளும். நெல் அளவைவிடப் பெரிதாகப் போடாதீர்கள்.

போடியிலிருந்து இலவம் பஞ்சு வருகிறது. போர்வைக்குள் அடைக்கலாமா? – வாசகர், தேனி

தலையணைக்கும் குஷனுக்கும் வையுங்கள். இலவம் இழை வழுவழுப்பானது, குட்டையானது, ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாது. போர்வையில் வைத்தால் ஊசித் துளை வழியாகக்கூட வெளியே வரும், மீதி ஒரு மூலையில் போய்ச் சேரும். துவைக்கவும் முடியாது, வெயிலில் காயவைத்துத் தட்டுவதோடு சரி. குஷனுக்கும் உள் உறை நெருக்கமாக நெய்த மெத்தைத் துணியாக இருக்கட்டும்.

கைப்போர்வையை எப்படித் துவைப்பது, மழைக்காலத்தில் எப்படி வைப்பது? – வாசகி, உதகை

குளிர்ந்த தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, கையால் அமுக்கி அலசுங்கள். முறுக்கிப் பிழிந்தால் தையல் நூல் அறும். ஒரே கொடியில் போட்டால் ஈரத்தின் பாரம் ஒரு கோட்டில் இறங்கும். இரண்டு கொடிகளின் மேல் பரப்பி, நிழலில் உலர்த்துங்கள். மேலே காய்ந்ததுபோல் இருந்தாலும் நடு அடுக்கு மறுநாள் வரை ஈரமாக இருக்கும். மடித்த போர்வைக்குள் கையை விட்டுப் பாருங்கள், சில்லென்று இருந்தால் உள்ளே வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் பையில் வேண்டாம், பழைய தலையணை உறைக்குள் போட்டு வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து வேறு மடிப்பாக மடித்து வைத்தால் மடிப்புக் கோட்டில் துணி நையாது.