லொக் புத்தகத்தில் 1,850 கிலோ, தராசில் 3,120 கிலோ

கேள்வி: நான் கொழும்பு முகத்துவாரத்தைச் சேர்ந்தவன். மூன்று தலைமுறையாகக் கடல்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. லீசிங்கில் எடுத்த 42 அடிப் பலநாள் படகு ஒன்று இருக்கிறது. கடைசிப் பயணத்தில் 200 கடல் மைலுக்கு வெளியே நின்று, 24 நாளில் கெலவல்லா (மஞ்சள்துடுப்புச் சூரை) பிடித்துக்கொண்டு வந்தார்கள். கடலில் பிடித்ததை நாளுக்கு நாள் எழுதும் லொக் புத்தகத்தில் ஸ்கிப்பர் எழுதியது 1,850 கிலோ. துறைமுகத்தில் தராசில் நிறுத்தபோது 3,120 கிலோ. இப்போது ஆழ்கடல் அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்தி, 14 நாளில் விளக்கம் தரும்படி கடிதம் வந்திருக்கிறது. ஐரோப்பியக் கப்பல்கள் ஆயிரக்கணக்கான தொன் அள்ளிக்கொண்டு போகும்போது எங்களைப் போன்ற சின்னவர்களுக்கு எதற்கு இவ்வளவுதான் பிடிக்கலாம் என்ற பிடி அளவு? பக்கத்துப் படகு முதலாளிதான் காட்டிக்கொடுத்தார், அதுவும் எனக்குத் தெரியும். இந்தப் பிடி அளவை எதிர்த்து அடிப்படை உரிமை வழக்குப் போடலாமா? திணைக்களத்துக்கு அனுப்ப எழுதிய மூன்று பக்க விளக்கத்தையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: மூன்று பக்கத்தையும் வாசித்தேன். அதில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. இரண்டாம் பக்கத்தின் நடுவில் எழுதியிருக்கிறீர்கள்: "எல்லாப் படகிலும் இப்படித்தான் குறைத்து எழுதுவார்கள், நாங்கள் மட்டும் என்ன புதிதாகச் செய்தோம்." அந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டாம். நகல் யாரிடமாவது கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பி வாங்குங்கள். திணைக்களத்திடம் இப்போது இருப்பது ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு எண்கள் மட்டுமே. அந்த வித்தியாசம் தெரிந்தே வந்தது என்பதை நீங்களே எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுக்கப் பார்க்கிறீர்கள்.

காட்டிக்கொடுத்தவர் யார், டீசல் என்ன விலை, தாத்தா எந்தக் காலத்தில் கடலுக்குப் போனார் என்பதெல்லாம் இந்தக் கோவைக்குள் வராது. ஐரோப்பியக் கப்பல் விஷயத்தில் உங்களுக்கு வரும் கோபம் எனக்கும் உண்டு. கெலவல்லா அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுகிறது என்று 2015இல் கண்ட பிறகு, சூரை பிடிக்கும் நாடுகள் சேர்ந்திருக்கும் இந்து சமுத்திர சூரை ஆணைக்குழு 2016இல் பிடியில் குறைப்புகளைக் கொண்டுவந்தது. கெலவல்லா பற்றிய அதன் 2021 தீர்மானத்துக்கு இந்தியா, இந்தோனேசியா, ஈரான், ஓமான் உட்படச் சில நாடுகள் ஆட்சேபம் தெரிவித்து விலகிக்கொண்டன. இதில் அநியாயம் இருக்கிறது. ஆனால் அந்த அநியாயத்தைப் பேசும் இடம் ஆணைக்குழுவின் மேசை. புதுக்கடை நீதிமன்றங்களில் அது எடுபடாது. "ஆணைக்குழுவின் தீர்மானம் இலங்கைச் சட்டமில்லையே" என்று உங்களிடம் யாராவது சொல்லியிருக்கலாம். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்துக்கு 2013இல் வந்த திருத்தமும் 2014இல் வந்த ஆழ்கடல் ஒழுங்குவிதிகளும் அந்த வாசலை அடைத்துவிட்டன. படகு சின்னது என்பதும் உதவாது. தீர்மானங்கள் 24 மீற்றருக்கு மேற்பட்ட கலங்களோடு, அதற்குக் குறைந்தாலும் சொந்தக் கடல் எல்லைக்கு வெளியே போகும் கலங்களையும் பிடிக்கின்றன. நீங்கள் 200 மைலைத் தாண்டியதாக நீங்களே சொல்கிறீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிடி அளவைத் தாண்டினீர்கள் என்று அந்தக் கடிதத்தில் எங்கேயும் இல்லை. அந்த அளவு நாட்டுக்கு உரியது. உங்களிடம் கேட்பது, எழுதியது உண்மையா என்பதை மட்டும்தான். அதனால் பிடி அளவையே இரத்துச் செய்யச் சொல்லி மனுப் போட்டு, அதில் வென்றாலும்கூட உங்கள் அனுமதிப்பத்திரம் திரும்ப வராது.

இதில் எனக்கு மனவருத்தமான ஒரு விஷயம் உண்டு, சொல்லாமல் போக முடியவில்லை. 2016 குறைப்பு எதை வைத்துக் கணக்கிடப்பட்டது தெரியுமா? ஒவ்வொரு நாடும் 2014இல் பிடித்ததாகக் கணக்குக் காட்டிய அளவை வைத்து. அந்த ஆண்டு லொக் புத்தகத்தில் வராத மீன், நாட்டின் கணக்கிலும் வருவதில்லை. நாளைக்கு நாடுகளுக்குள் பங்கு பிரிக்கும் பேச்சு வந்தாலும், முன்பு யார் எவ்வளவு பிடித்தார்கள் என்ற ஏட்டைத்தான் முதலில் புரட்டுவார்கள். உங்கள் ஸ்கிப்பர் எழுதாமல் விட்ட 1,270 கிலோ, உங்கள் பிள்ளை கடலுக்குப் போகும் காலத்துப் பங்கில் குறைகிறது.

சரி, இனி ஆபத்துக்கு வருகிறேன். இந்த வகை வழக்கோடு வருகிறவர்கள் பெரும்பாலும் குறைத்து எழுதியதால் கெட்டுப்போவதில்லை. கடிதம் கிடைத்த பிறகு செய்ததால்தான் கெட்டுப்போகிறார்கள். சில வருடங்களுக்கு முன் ஒருவர் லொக் புத்தகத்தோடு வந்தார். 21 நாள் பயணம். பக்கங்களைப் புரட்டினேன். எல்லா நாளும் ஒரே நீலப் பேனை, ஒரே சாய்வு எழுத்து. ஒரு பக்கத்திலும் ஈரம் பட்ட சுருக்கம் இல்லை, மீன் கையின் கறை இல்லை. விசாரணைக் கடிதம் வந்த இரவே புதுப் புத்தகம் ஒன்றில், தராசுக் கணக்குக்குப் பொருந்தும்படி முழுப் பயணத்தையும் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். பழைய பக்கங்களின் பிரதி ஏற்கெனவே அதிகாரிகளின் கையில் இருந்தது அவருக்குத் தெரியாது. கணக்குத் தவறு என்று முடிந்திருக்க வேண்டியது, தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் போலி ஆவணம் என்ற பேச்சுக்குப் போனது. நீங்கள் புத்தகத்தைத் தொடவே வேண்டாம். ஒரு இலக்கத்தைக்கூடத் திருத்த வேண்டாம்.

அடுத்தது சத்தியக் கடதாசி. அடிப்படை உரிமை மனுவோ அதிகாரிகளின் முடிவை மாற்றக் கேட்டு மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் போடும் எழுத்தாணை மனுவோ, எதுவானாலும் உண்மைகளைச் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். எழுத்தாணை கேட்டு வருபவர் முழு உண்மையையும் மறைக்காமல் முன்வைக்க வேண்டும். ஒன்றை மறைத்தாலே, வழக்கின் நியாயத்துக்குள் போகாமலே மனுவைத் தள்ளுவார்கள். உங்கள் சத்தியக் கடதாசியில் எந்த எண்ணை எழுதுவீர்கள்? 1,850 என்றால் தராசுச் சீட்டு பொய்யாக்கும். 3,120 என்றால் லொக் புத்தகம் பொய் என்று நீங்களே ஒப்புக்கொண்டாகிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்றும் இருக்கிறது, அதை மறந்துவிடாதீர்கள்: டீசல், ஐஸ், சாப்பாடு கழித்து ஆட்களுக்குப் பங்கு பிரித்த கொப்பி. மீனவர் ஐந்து பேரும் எந்த நிறைக்குக் காசு வாங்கினார்கள் என்பது அதில் அச்சுக் குத்தியதுபோல் இருக்கும்.

காலமும் உங்களுக்காக நிற்காது. அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான். திணைக்களத்துக்கு முறையீடு போட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன் என்றால் கேட்கமாட்டார்கள். 1988இலேயே காமேதிகே வழக்கில் இதை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்த துண்டு ஒன்றைக் காட்டினாலும் போதாது, அங்கே விசாரணை நடக்கிறது என்று காட்ட வேண்டும்.

ஸ்கிப்பர் மேல் பழியைப் போட்டுத் தப்பலாம் என்றும் நினைக்க வேண்டாம். அனுமதிப்பத்திரம் உங்கள் பெயரில் இருக்கிறது. அதோடு, பழி போட்ட அடுத்த நாளே அவர் வாய் திறப்பார். "குறைத்து எழுதச் சொன்னது முதலாளிதான்" என்று அவர் சொன்னால் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

என் முடிவு: வழக்குப் போட வேண்டாம், பேசி முடியுங்கள். ஒரு சட்டத்தரணியைக் கூட்டிக்கொண்டு மாளிகாவத்தையில் உள்ள திணைக்களத்துக்குப் போய், நிறை வித்தியாசத்தை மறுக்காமல், சரியான கணக்கைப் பங்குக் கொப்பியோடு முன்வையுங்கள். எழுத்தில் தரும் விளக்கம் அரைப் பக்கத்தைத் தாண்டக்கூடாது. ஏன் தவறியது என்ற கதை அதில் வேண்டாம், அடுத்த பயணத்திலிருந்து எப்படி எழுதப்படும் என்பது மட்டும் இருக்கட்டும். நீதவான் முன் போக நேர்ந்தால், 2015 திருத்தத்துக்குப் பிறகு தண்டப்பணம் கலத்தின் நீளத்தையும் மீனின் பெறுமதியையும் பார்த்து இலட்சங்களில் எழும். இருந்தாலும் முதல் தவணையிலேயே முடித்துக்கொள்ளும் தொகை, படகு கட்டிக்கிடக்க இழுபடும் வழக்கைவிடக் குறைவாகத்தான் வரும். 2015 ஜனவரியில் ஐரோப்பா நம் மீனைத் தடைசெய்து அடுத்த வருடம்தான் நீக்கியது. காரணமே ஆழ்கடல் படகுகளின் கண்காணிப்பில் இருந்த ஓட்டைகள்தான். அந்தப் பயம் இன்னும் போகாத இடத்தில், பொய்க் கணக்கோடு நின்று சண்டை பிடிக்கிறவருக்கு இரக்கம் கிடைக்காது.

லீசிங் கம்பனிக்கும் இந்தக் கிழமையே போங்கள். தவணை தவறிய பிறகு கேட்டால் ஒருவரும் காது கொடுக்கமாட்டார்கள். இடைநிறுத்தக் கடிதத்தின் பிரதியைக் காட்டி, திகதியைத் தள்ளிக் கேளுங்கள். என்னிடம் வரும்போது தராசுச் சீட்டு, லொக் புத்தகம், பங்குக் கொப்பி மூன்றையும் இருக்கிறபடியே ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். 14 நாளில் எத்தனை நாள் மிச்சம் என்று உங்கள் கடிதத்தில் சொல்லவில்லை, அதை முதலில் எனக்குச் சொல்லுங்கள்.