கோண உந்தம் மாறுவதுபோல் தெரிகிறதா? புள்ளியைச் சரிபாருங்கள்

கேள்வி: பூமி சூரியனைச் சுற்றும்போது அதன் கோண உந்தம் (ஒரு புள்ளியிலிருந்து உள்ள தொலைவு, நிறை, அத்தொலைவுக்குச் செங்குத்தான வேகம் மூன்றின் பெருக்கல்) மாறாது என்கிறார்கள். நீள்வட்டத்தின் நடுப்புள்ளியிலிருந்து தொலைவை எடுத்துக் கணக்கிட்டால் இரு முனைகளிலும் வெவ்வேறு விடை வருகிறது. எங்கே பிசகு?

பதில்: பெருக்கலில் பிசகில்லை, அளக்கத் தொடங்கிய இடத்தில்தான். ஈர்ப்பு விசை எப்போதும் சூரியனை நோக்கியே இழுக்கிறது. சூரியன் இருப்பதோ நீள்வட்டத்தின் நீள அச்சில் உள்ள குவியம் என்ற புள்ளியில். நடுப்புள்ளியிலிருந்து சுமார் 25 லட்சம் கி.மீ. தள்ளி.

எண்களைப் போட்டுப் பாருங்கள். அண்மை நிலையில் (பூமி சூரியனுக்கு மிக அருகில் வரும் முனை) சூரியனிலிருந்து 14.71 கோடி கி.மீ., வேகம் வினாடிக்கு 30.29 கி.மீ. சேய்மை நிலையில் (மிகத் தொலைவில் போகும் முனை) 15.21 கோடி, 29.29. இரு இடத்திலும் வேகத்தின் திசை ஆரத்துக்குச் செங்குத்து, நிறையும் பொது. ஆகவே தொலைவை வேகத்தால் பெருக்கினால் போதும். 445.6, 445.5 என்று வரும். அந்தச் சிறு வித்தியாசம் தசமத்தைச் சுருக்கியதால் வந்தது. நடுப்புள்ளியிலிருந்து இரண்டுமே 14.96 கோடி கி.மீ. என்பதால் உங்களுக்கு 453.1, 438.2 கிடைத்திருக்கும்.

பலர் சறுக்குவது இங்கேதான்: அந்த இரு முனைகளிலும் நடுப்புள்ளியைப் பொறுத்த திருப்பு விசை (கோண உந்தத்தை மாற்றும் முறுக்கு) சுழிதான்! விசைக்கோடு, அதாவது விசை இழுக்கும் திசையிலுள்ள கோடு, நடுப்புள்ளி வழியாகவே போகிறது. அதை மட்டும் பார்த்து ‘மாறாது’ என்று முடிவுகட்டக் கூடாது. இடைப்பட்ட இடங்களில் விசைக்கோடு நடுப்புள்ளியை விட்டு விலகிப் போகிறது. அண்மையிலிருந்து சேய்மைக்குப் போகும் அரையாண்டில் அந்தத் திருப்பு விசை கோண உந்தத்தைக் குறைக்கிறது, திரும்பும்போது கூட்டுகிறது.

புள்ளியை மாற்றினால், இரு புள்ளிகளுக்கு இடையிலான வெக்டரையும் உந்தத்தையும் (நிறை × வேகம்) குறுக்குப் பெருக்கல் (திசையையும் கணக்கில் கொள்ளும் வெக்டர் பெருக்கல்) செய்த அளவு கோண உந்தத்தில் கூடிவிடும். பூமியின் உந்தம் நிமிடத்துக்கு நிமிடம் திசை மாறுவதால், அந்தக் கூடுதலும் நிலையாக நிற்காது.

கூம்பு ஊசலில், அதாவது நூலில் தொங்கும் குண்டு கிடைமட்ட வட்டத்தில் சுற்றும் ஊசலில், ஏமாறுவது இன்னும் சுலபம். நூல் கட்டிய புள்ளியைப் பொறுத்து இழுவிசைக்குத் திருப்பு விசை கிடையாது, குண்டின் எடைக்கு உண்டு. கோண உந்தத்தின் அளவு மாறாது, திசை மட்டும் சுழன்றுகொண்டே இருக்கும். செங்குத்துக் கூறு மட்டுமே நிலையானது. வட்டத்தின் மையத்தை எடுத்தால் அளவு, திசை இரண்டும் மாறாது.

உங்கள் நடுப்புள்ளி சரியாக வரும் கணக்கும் ஒன்று உண்டு. தொலைவுக்கு நேர்விகிதத்தில் இழுக்கும் சுருள்வில் விசையிலும் பாதை நீள்வட்டமே. ஆனால் அங்கே விசை மையம் நீள்வட்டத்தின் நடுவிலேயே இருக்கிறது.