கொலுசுப் பட்டறைக்கு எந்த ஆப்?

அன்புள்ள ஐயா,

சேலம் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வெள்ளியைப் பல வீடுகளுக்குக் கொடுத்து வேலை செய்து வாங்குகிறோம். அப்பா காலத்தில் எல்லாம் நோட்டுதான். நான் போனில் மூன்று கணக்கு ஆப் போட்டுப் பார்த்துவிட்டேன், ஒன்றும் ஒரு மாதம் தாண்டவில்லை. ஏஐ வைத்தே செய்துவிடலாம் என்கிறான் மகன். நல்லதாக ஒன்று சொல்லுங்கள்.
கே., சேலம்

அன்புள்ள கே.,

ஒரு மாதம் தாண்டாததற்கு உங்கள் சோம்பல் காரணமாக இருக்காது. போனில் இலவசமாகக் கிடைக்கும் பற்று வரவு ஆப்களில் பெரும்பாலானவை மளிகைக் கடையை மனதில் வைத்துச் செய்தவை. யார் எத்தனை ரூபாய் பாக்கி, அதோடு அவற்றின் உலகம் முடிந்தது. உங்கள் தொழிலிலோ ஒரே ஆளிடம் இரண்டு பாக்கி ஓடுகிறது: அவர் உங்களுக்கு வெள்ளி தர வேண்டும், நீங்கள் அவருக்குக் கூலி தர வேண்டும். கிராமை ரூபாயாக்கி எழுதினால் நாளைக்கு வெள்ளி விலை மாறியதும் கணக்கு பொய்யாகிவிடும்.

இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு 70 டச் வெள்ளி, அதாவது நூற்றுக்கு 70 பங்கு சுத்த வெள்ளி உள்ளது, 1,000 கிராம் கொடுக்கிறீர்கள். கொலுசாக 960 கிராம் வருகிறது, வெட்டுத் துண்டும் தூளும் 25 கிராம். மீதி 15. பேசிய சேதாரம் 10 கிராம் என்றால் அவர் கணக்கில் நிற்பது 5 கிராம், சுத்த வெள்ளியில் 3.5. பற்றவைக்கும் பொடியைத் தனியாகக் கொடுத்தால் அதற்கும் ஒரு வரி வேண்டும். இந்த 3.5-ஐக் காட்டாத ஆப் எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்களுக்கு உதவாது.

இன்னொன்று. சில ஆப்கள் நாம் ஒரு வரவைப் பதிந்த உடனே எதிராளிக்கு எஸ்எம்எஸ் அனுப்பிவிடும். கொடுத்து வாங்கிப் பழகிய மனிதருக்கு ராத்திரி பத்து மணிக்கு ‘உங்கள் பாக்கி இவ்வளவு’ என்று போனால், மறுநாள் அவர் வேறு பட்டறை வேலையை எடுத்துக்கொள்வார்.

அதனால் என் பதில் சப்பென்றுதான் இருக்கும்: ஒரு எக்செல் தாள், அல்லது கூகுள் ஷீட்ஸ். தேதி, பெயர், கொடுத்த எடை, வந்த எடை, டச், சேதாரம், கூலி, கொடுத்த பணம். ஒரு கொடுக்கல் வாங்கலுக்கு ஒரு வரி. ஆளுக்கு ஒரு தாள் என்று பிரிக்காதீர்கள், எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். பெயரை வைத்து வடிகட்டினால் அவரவர் கணக்கு வந்துவிடும். பழைய நோட்டை முழுக்க ஏற்றவும் வேண்டாம். இன்றைய பாக்கியை மட்டும் முதல் வரியாக எழுதி ஆரம்பியுங்கள். பட்டறையில் நோட்டே இருக்கட்டும். வெள்ளித் தூள் படிந்த விரலால் போனைத் தடவ யாருக்கும் பொறுமை இருக்காது. இரவு ஒருவர் உட்கார்ந்து தாளில் ஏற்றினால் போதும்.

ஷீட்டை நான் சொல்வதற்கு முக்கியக் காரணம், அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் கணக்கோடு வெளியே வரலாம். வுண்டர்லிஸ்ட் என்ற பட்டியல் ஆப்பை 2015-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது, 2020-இல் மூடியது. 2020 ஜூனில் மத்திய அரசு தடை செய்த 59 ஆப்களில் கேம்ஸ்கேனரும் ஒன்று. பில்லை அதில் படம் எடுத்து வைத்துப் பழகிய வியாபாரிகள் எத்தனையோ பேர். எவர்நோட் என்ற குறிப்பு எழுதும் ஆப் 2023 டிசம்பரில் இலவசக் கணக்கை 50 குறிப்போடு நிறுத்தியது. எந்த ஆப்பானாலும் முதல் நாளே பத்து வரி எழுதி, அதை எக்செல்லாகவோ, எக்செல்லில் திறக்கக்கூடிய சிஎஸ்வி ஃபைலாகவோ வெளியே எடுத்துப் பாருங்கள். எடுக்க வழியில்லையா, அன்றே அழித்துவிடுங்கள்.

தமிழில் எழுதுவீர்கள் என்றால், எல்லாப் போனிலும் கம்ப்யூட்டரிலும் தெரியும் யூனிகோடு எழுத்தில் எழுதுங்கள். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய ஃபைல்களை, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். டிடிபி கடையில் அடித்து வாங்கிய விலைப்பட்டியல் இருந்தால் திறந்து பாருங்கள். மாற்றித் தரும் கருவிகள் உண்டு, ஆனாலும் வேலைதான்.

தராசைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் வாங்குவது நல்ல பழக்கம், விடாதீர்கள். ஆனால் அது சாட்சி மட்டும்தான், கணக்கு ஆகாது. ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் பேக்கப் 2024 முதல் கூகுளின் இலவச 15 ஜிபிக்குள்ளேயே சேர்கிறது. போட்டோவும் மெயிலும் அதே 15-இல்தான். அது நிரம்பினால் பேக்கப் நின்றுவிடும், நாம் கவனிக்கவும் மாட்டோம். வாரம் ஒருமுறை ஷீட்டை ஒரு பென் டிரைவில் இறக்கி வையுங்கள்.

மகன் சொல்வதிலும் பாதி சரி. பாக்கி தானாக வரும்படி ஃபார்முலா எழுத ஏஐயிடம் கேட்கலாம், நன்றாகவே எழுதித் தரும். மேலே உள்ள 1,000 கிராம் கணக்கைப் போட்டு 3.5 வருகிறதா என்று அவனையே சரிபார்க்கச் சொல்லுங்கள். நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து ‘கூட்டிச் சொல்’ என்று கேட்பது மட்டும் வேண்டாம். கையெழுத்தில் 1-ஐ 7 என்று படித்துவிட்டு, சந்தேகமே இல்லாமல் ஒரு தொகையைச் சொல்லும். ஜிஎஸ்டி பக்கம் ஆடிட்டர் எதில் செய்கிறாரோ அதிலேயே செய்யட்டும். அவருக்கு மாதாமாதம் இந்த ஷீட்டிலிருந்து என்னென்ன வேண்டும் என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.