வேப்பமரத்தடியில் மருள் அழுகுவது ஏன்?

வணக்கம். காட்பாடி களிமண்ணில் வேப்பமரத்தடியில் தினமும் தண்ணீர் ஊற்றியும் மருள் செடியின் (ஸ்நேக் பிளான்ட் வகை) அடிமடல் கொழகொழவென அழுகுகிறது என்கிறீர்கள். தினமும் ஊற்றுவதுதான் காரணம். நம்மூர் வறண்ட காட்டுச் செடி அது. கிழங்கிலும் மடலிலும் நீர் சேர்த்து வைக்கும். களிமண்ணில் ஈரம் தேங்கினால் கிழங்குக்கு மூச்சு முட்டும்.

எல்லாவற்றையும் தோண்டி எடுங்கள். அழுகலை வெள்ளைச் சதை தெரியும்வரை வெட்டி, நிழலில் 3 நாள் காயவிடுங்கள். மண்ணோடு சரிபாதி ஆற்றுமணல் கலந்து 4 அங்குலம் மேடாக்குங்கள், மரவேரை வெட்டாதீர்கள். கிழங்கை 2 அங்குல ஆழத்தில், அடிக்கொன்றாக நடுங்கள். முதல் தண்ணீர் ஒரு வாரம் கழித்து. பிறகு மண் நன்றாகக் காய்ந்தால் மட்டும். ஐப்பசி மழையில் பாய்ச்சவே வேண்டாம். மடல்துண்டும் வேர்விடும், ஆனால் முளைக்க மாதக்கணக்காகும், கிழங்கே மேல்.