ஊரைவிட்டுப் போன டீமை என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 47. சொந்த ஊர் சென்னை, திருவல்லிக்கேணி. சேப்பாக்கம் ஸ்டேடியத்தின் இரைச்சலைக் கேட்டு வளர்ந்தவன். 2010இல் கலிபோர்னியா வந்து பிரீமாண்டில் குடியேறினோம். மகளுக்கு ஐந்து வயதானபோது, ஆபீஸ் நண்பர் கொடுத்த இரண்டு டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஓக்லண்ட் கொலிசியத்துக்கு பேஸ்பால் பார்க்கப் போனோம். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். அதன் பிறகு இருவரும் சேர்ந்து ஐம்பது மேட்ச்சாவது பார்த்திருப்போம். 2024 செப்டம்பரில் அத்லெட்டிக்ஸ் டீம் ஓக்லண்டில் கடைசி மேட்ச்சை ஆடிவிட்டுப் போய்விட்டது. இப்போது சாக்ரமென்டோ பக்கம் ஆடுகிறது, அடுத்து லாஸ் வேகஸ். அந்த டீமின் பெயரையே வீட்டில் எடுக்கக் கூடாது என்கிறாள் மகள். அவளுக்கு இப்போது 14 வயது. என்னால் விட முடியவில்லை. பாத்ரூமில் உட்கார்ந்து போனில் ஸ்கோர் பார்க்கிறேன். 2025 ஜூலையில் அந்த டீமின் நிக் கர்ட்ஸ் ஒரே மேட்ச்சில் நான்கு ஹோம் ரன் (நம்ம ஊர் சிக்ஸர் மாதிரி) அடித்தபோது என்னை மறந்து கத்திவிட்டேன். "நீயுமாப்பா?" என்று கேட்டுவிட்டுத் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். சிஎஸ்கே இரண்டு வருஷம் தடையில் இருந்தபோதும் நான் மாறவில்லை. தோற்றாலும் ஜெயித்தாலும் கூட நிற்பவன்தானே ரசிகன்? "பேசாமல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கு மாறிவிடுங்கள், பாலத்தைத் தாண்டினால் ஸ்டேடியம்" என்கிறாள் மனைவி. யார் சொல்வது சரி?

– பெயர் வேண்டாம், பிரீமாண்ட்

பதில்:

முதலில் பாத்ரூமை விட்டு வெளியே வாருங்கள். மற்றதை உட்கார்ந்து பேசலாம்.

பதில் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் என்ற பேஸ்பால் டீமின் ரசிகன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. 2007 ஜூலை 15 அன்று எங்கள் டீம் தன் சரித்திரத்தின் பத்தாயிரமாவது மேட்ச்சைத் தோற்றது. அமெரிக்காவில் எந்த விளையாட்டிலும் எந்தத் தொழில்முறை டீமும் அதற்கு முன் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. நாங்கள் அதையும் ஒரு விழா மாதிரிதான் எடுத்துக்கொண்டோம். அதனால் தோல்வியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உங்கள் கடிதத்தில் நான் ஒப்புக்கொள்ளாத இடமும் அதுதான். தோற்கிற டீமோடு நிற்பது ஒன்று, விட்டுவிட்டுப் போன டீமின் பின்னால் போவது வேறு. நீங்கள் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுகிறீர்கள்.

சிஎஸ்கே உதாரணமும் இங்கே உதவாது. 2016, 2017 இரண்டு சீசன்தான் டீம் இல்லை. 2018இல் திரும்பி வந்தது, கோப்பையையும் ஜெயித்தது. அதே வருஷம் காவிரிப் போராட்டத்தால் சென்னை மேட்ச்சுகள் புனேவுக்குப் போனபோது ரசிகர்கள் தனி ரயிலில் கிளம்பிப் போனார்கள். திரும்பி வரப்போகிற வீட்டுப் பிள்ளையைப் பார்க்கப் போகிற மாதிரி அது. ஓக்லண்டுக்கு யார் திரும்பி வரப்போகிறார்கள்?

உங்கள் மகள் பக்கம் நின்று கொஞ்சம் பார்ப்போம். 2023 ஜூன் 13 உங்களுக்கு நினைவிருக்கும். ஸ்டேடியத்துக்கு ஆளே வருவதில்லை, அதனால்தான் கிளம்புகிறோம் என்று நிர்வாகம் சொல்லிக்கொண்டிருந்த நேரம். 'வராமல் புறக்கணிப்பதைத்தானே போராட்டம் என்பார்கள், நாங்கள் வந்து போராடுகிறோம்' என்று ரசிகர்களே ஆள் திரட்டினார்கள். 27,759 பேர். 'டீமை வித்துட்டுப் போ' என்ற பொருளில் ஒரே சொல் அச்சடித்த பச்சைச் சட்டை, வலதுபக்க கேலரியில் டிரம் சத்தம். டம்பா பே ரேஸ் டீமை 2-1 என்று ஜெயித்தார்கள். அந்த சீசனில் 112 மேட்ச் தோற்ற டீம் அன்றைக்கு வரிசையாக ஏழாவது வெற்றியைப் பெற்றது! அதே நாளில் நெவாடா மாநில செனட், லாஸ் வேகஸ் ஸ்டேடியத்துக்காக 380 மில்லியன் டாலர் வரை பொதுப் பணம் கொடுக்கும் மசோதாவை நிறைவேற்றியது. நவம்பரில் மற்ற டீம் உரிமையாளர்கள் கூடி, ஒருவர்கூட எதிர்க்காமல், இடமாற்றத்துக்குக் கை தூக்கினார்கள்.

அப்போது உங்கள் மகளுக்குப் பதினோரு, பன்னிரண்டு வயது இருக்கும். தொண்டை கிழியக் கத்தினால் பெரியவர்கள் காதில் விழும் என்று நம்புகிற வயது. கத்தினாள், விழவில்லை. அவள் கோபத்தை வயசுக் கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள்.

2024 செப்டம்பர் 26, கடைசி மேட்ச். டெக்சஸ் ரேஞ்சர்ஸை 3-2 என்று ஜெயித்தார்கள், 46,889 பேர் வந்திருந்தார்கள். மைதானப் பணியாளர்கள் மண்ணை அள்ளி ரசிகர்களுக்குக் கொடுத்தார்களே, உங்கள் வீட்டிலும் ஏதாவது ஊறுகாய் பாட்டிலில் ஒரு பிடி இருக்கக்கூடும் என்று நினைக்கிறேன். இருந்தால் அதைத் துடைத்து அலமாரியில் வையுங்கள். ஒளித்து வைக்காதீர்கள்.

போன இடத்திலாவது மரியாதையாக இருக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. பெயரில் ஊரே கிடையாது, வெறும் 'அத்லெட்டிக்ஸ்'. ஒரு கையில் சாக்ரமென்டோ பட்டை, இன்னொரு கையில் லாஸ் வேகஸ் பட்டை. ஆடுவது ஏறக்குறைய 14,000 பேர் கொள்ளும் சின்ன ஸ்டேடியத்தில். அது யாருடைய வீடு தெரியுமா? ஜயன்ட்ஸின் ஜூனியர் டீமான ரிவர் கேட்ஸின் வீடு. நாலு உலகத் தொடர் (பேஸ்பாலின் பெரிய கோப்பை) ஜெயித்து ஓக்லண்டுக்குக் கொடுத்த டீம், எதிர்வீட்டுக்காரரின் அவுட்ஹவுஸில் வாடகைக்கு இருக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்கே வயிறு எரிகிறது, நான் அந்த டீம் ரசிகன்கூட இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். இந்த டீமை ஓக்லண்டும் ஒருகாலத்தில் இன்னொரு ஊரிடமிருந்துதான் வாங்கிக்கொண்டது. 1968இல் அது கன்சாஸ் சிட்டியிலிருந்து வந்தது. அங்கே இருந்தது பதின்மூன்றே சீசன், ஒரு சீசனில்கூடத் தோல்வியைவிட வெற்றி அதிகமாக இருந்ததில்லை. நல்ல ஆட்டக்காரர்கள் வளர்ந்து வரும் நேரத்தில் உரிமையாளர் மூட்டையைக் கட்டினார். 1972, 73, 74 என்று வரிசையாக மூன்று கோப்பை ஓக்லண்டுக்குப் போனபோது கன்சாஸ் சிட்டியில் ஒரு அப்பாவும் மகளும் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள்?

கன்சாஸ் சிட்டிக்கு முன்னால் அந்த டீம் எங்கள் ஊரில் இருந்தது. 1901 முதல் 1954 வரை ஃபிலடெல்ஃபியா அத்லெட்டிக்ஸ். கானி மேக் என்ற ஒரே மனிதர் ஐம்பது வருஷம் மேனேஜராக இருந்தார். உங்கள் டீமின் சின்னமான அந்த யானைகூட இங்கே பிறந்ததுதான். 1902இல் போட்டி டீமின் மேனேஜர் ஜான் மெக்ரா, 'வெள்ளை யானையைக் கட்டித் தீனி போடுகிறார்கள்' என்று கிண்டலடித்தார். மேக் அந்த யானையையே டீமின் சின்னமாக்கிக்கொண்டார்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். அந்த டீம் போனபோது அவருக்குப் பதினோரு வயது. அடுத்த வருஷம் அவர் அப்பா அவரை அதே ஸ்டேடியத்துக்கு ஃபில்லீஸ் மேட்ச் பார்க்கக் கூட்டிப்போனாராம். அதுவரை ரெண்டு டீமும் ஒரே மைதானத்தைத்தான் பகிர்ந்துகொண்டிருந்தன. அதே படிக்கட்டு, அதே கடலை வாசம், வேறே டீம். "ரெண்டு சீசன் நான் கையே தட்டலை, அப்பாவும் தட்டச் சொல்லலை" என்பார். மூணாவது சீசனில் யாரோ ஒரு பையன் பறந்து போய்ப் பந்தைப் பிடித்தபோது கை தானாகத் தட்டிவிட்டது. அதே சமயம், பேப்பரில் பொடி எழுத்தில் வரும் கன்சாஸ் சிட்டி ஸ்கோரை அவர் ஒருநாளும் பார்க்காமல் விட்டதில்லை. பிறகு ஓக்லண்ட் ஸ்கோரையும்.

2008இல் ஃபில்லீஸ் உலகத் தொடரை ஜெயித்தது. கடைசி மேட்ச் மழையால் பாதியில் நின்று, இரண்டு நாள் கழித்து முடிந்ததே, அந்தத் தொடர். அன்றிரவு தெருவே வெளியே நின்று பாத்திரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. இவர் மட்டும் 'ஏ' எழுத்துப் போட்ட நைந்துபோன பழைய அத்லெட்டிக்ஸ் நீலத் தொப்பியோடு வந்து நின்றார். இது எதுக்கு என்று கேட்டேன். "அவங்களும் வந்து பார்க்கட்டுமேன்னுதான்" என்றார். அப்புறம் எல்லோரோடும் சேர்ந்து அவரும் ஒரு மூடியைத் தட்டினார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கத்தியது துரோகமா? என் கணக்கில் இல்லை. நிக் கர்ட்ஸை அந்த டீம் எடுத்ததே 2024 ஜூலையில். பெரிய மேட்ச்சுகளில் இறங்கியது 2025இல். ஓக்லண்ட் சட்டை போட்டு கொலிசியத்தில் ஒரு இன்னிங்ஸ் ஆடியவரில்லை அவர். ஊரைவிட்டுப் போகும் முடிவில் அவருக்கு என்ன பங்கு? முதல் வருஷ ஆட்டக்காரர் ஒருவர் ஒரே மேட்ச்சில் நான்கு ஹோம் ரன் அடித்தது அதுவே முதல் தடவை. ஆறு தடவை இறங்கி ஆறு தடவையும் ஹிட். இதைப் பார்த்துக் கத்தாதவருக்குத்தான் ஏதோ கோளாறு. பேஸ்பால் பிடித்தவர் கத்தினார், அவ்வளவுதான். தவறு என்றால் ஒளித்துப் பார்த்ததுதான். ஒளிக்கும்போது அது குற்றம் என்று நீங்களே மகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள். ஹாலில் உட்கார்ந்து பாருங்கள். அவள் எழுந்து போனால் போகட்டும்.

ஆனால் பணம் என்று வரும்போது நான் கறார். லாஸ் வேகஸ் பெயர் போட்ட தொப்பி, சட்டை எதையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போய் சாக்ரமென்டோ டிக்கெட் வாங்குவதா என்பது உங்கள் இஷ்டம். நானாக இருந்தால் போக மாட்டேன். ஆட்டக்காரர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, டிக்கெட் காசு யாருக்குப் போகிறது என்பதில்தான் வருத்தம். மகளை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அங்கே கூட்டிப்போகாதீர்கள். 'ஒருதடவை வந்து பாரேன்' என்று கெஞ்சவும் வேண்டாம்.

உங்கள் மனைவி சொன்ன ஜயன்ட்ஸ் யோசனை. அம்மணி கோபித்துக்கொள்ளக் கூடாது, இது கேஸ் கனெக்ஷன் மாற்றுகிற விஷயமில்லை. 1989 உலகத் தொடரில் நிலநடுக்கத்துக்கு நடுவில் ஏஸ் (அத்லெட்டிக்ஸின் சுருக்கப் பெயர்) நாலுக்கு நாலு ஜெயித்தது அந்த ஜயன்ட்ஸைத்தான். சான் ஹோசே எங்கள் எல்லை என்று சொல்லி ஏஸை அங்கே வரவிடாமல் தடுத்ததும் அதே ஜயன்ட்ஸ்தான். விட்டிருந்தால் ஸ்டேடியம் உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்திருக்கும். இன்னொன்றும் சொல்கிறேன், வயிறு எரியட்டும்: 2006இல் பிரீமாண்டிலேயே ஸ்டேடியம் கட்டப்போவதாக ஏஸ் அறிவித்து, 2009இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. நீங்கள் வந்து சேர்ந்தது அடுத்த வருஷம். பத்து, பதினைந்து வருஷம் கழித்து ஜயன்ட்ஸ் தானாகப் பிடித்துப்போனால் பிடிக்கட்டும், எங்கள் தெருப் பெரியவருக்குக் கை தட்டியது மாதிரி. திட்டம் போட்டு மாறாதீர்கள்.

உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். மகள் பேஸ்பாலையே விட்டுவிட்டாள் என்று எங்கேயும் எழுதவில்லை. அந்த டீமின் பெயரைத்தான் சொல்லக் கூடாது என்கிறாள். அது எனக்கு நல்ல சேதியாகப் படுகிறது. டீம் கிளம்பப்போகிறது என்று தெரிந்த பிறகு ஓக்லண்ட்காரர்கள் தாங்களே ஒரு சின்ன டீமைத் தொடங்கினார்கள், பாலர்ஸ் என்று பெயர். 2024 முதல் மேற்கு ஓக்லண்டில் ரைமண்டி பார்க்கில் பயனியர் லீக் மேட்ச் ஆடுகிறார்கள். ரசிகர்களே பங்கு வாங்கியிருக்கிறார்கள். 2025இல் லீக் கோப்பையையும் ஜெயித்தார்கள். அந்த லீக்கில் மேட்ச் சமனில் முடிந்தால் கூடுதல் இன்னிங்ஸ் கிடையாது, ஹோம் ரன் அடிக்கும் போட்டி வைத்து முடிவு செய்வார்கள். என் போன்ற பழைய ஆசாமிகளுக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. பதினாலு வயசுக்குப் பிடிக்கலாம்.

கோடையில் ஒரு சாயங்காலம் அவளிடம் கேட்டுப் பாருங்கள், ஒரே ஒரு தடவை. சரி என்றால் காரை எடுக்காமல் எப்போதும் போல பார்ட் ரயிலில் போங்கள். மேற்கு ஓக்லண்டில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டியிருக்கும். வழியில் கொலிசியம் ஸ்டேஷன் வரும். கதவு திறந்து மூடுகிற அந்த நேரத்தில் அவள் ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால் நீங்களும் எதுவும் பேச வேண்டாம்.