சரணாலய எல்லையைக் குறைக்கிறார்களாம்: ஆட்சேபணை எழுதுவது எப்படி?

கேள்வி: எங்கள் ஊர் ஒரு பறவைகள் சரணாலயத்தை ஒட்டியது. அதன் எல்லையைக் குறைக்கப் போவதாகப் பேச்சு. வாட்ஸ்அப்பில் ஓர் ஆங்கிலக் கடிதம் சுற்றுகிறது. அதையே அனுப்பினால் போதுமா? தமிழில் எழுதலாமா?

பதில்: முதலில், குறைவது எது என்று விசாரியுங்கள். சரணாலயமா, அதைச் சுற்றியுள்ள சூழல் உணர்திறன் மண்டலமா (சில தொழில்களுக்குக் கட்டுப்பாடு உள்ள பகுதி)? பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிடும். சட்டத்தில் வழி வேறு.

மண்டலம் என்றால் மத்திய அரசிதழில் வரைவு அறிவிக்கை வரும். ஆட்சேபிக்க 60 நாள். அனுப்ப வேண்டிய முகவரி அதிலேயே இருக்கும்.

சரணாலயம் என்றால்தான் சிக்கல். 1972-ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டத்தின் 26ஏ பிரிவுப்படி, தேசிய வன உயிரின வாரியம் பரிந்துரைக்காமல் எல்லையை மாற்ற முடியாது. ஆனால் ஊராரைக் கேட்டாக வேண்டும் என்று அந்தப் பிரிவில் இல்லை. அதனால் காத்திருக்காதீர்கள். 10 ரூபாய் கட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் முன்மொழிவின் நகலையும் வரைபடத்தையும் கேளுங்கள். வாரியக் கூட்டக் குறிப்புகள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் கிடைக்கும்.

2020-ல் வேடந்தாங்கல் சரணாலயத்தின் எல்லையை, ஏரியைச் சுற்றி 5 கி.மீ. என்பதிலிருந்து 3 கி.மீ. ஆகச் சுருக்க முன்மொழிவு போனது நினைவிருக்கும். ஏரியே சுமார் 30 ஹெக்டேர்தான், அதற்கு எதற்கு 5 கி.மீ. என்று கேட்பவர்கள் உண்டு. பறவை கூடு கட்டுவதுதான் ஏரியில். இரை தேடுவது சுற்றியுள்ள வயலிலும் தாங்கலிலும். அங்கே ஆலைக் கழிவு கலந்தால் கூட்டில் இருக்கும் குஞ்சுக்கு என்ன கிடைக்கும்?

உங்கள் கடிதத்திலும் இதுதான் இருக்க வேண்டும். 'இயற்கையைக் காப்போம்' என்று பத்து வரி எழுதுவதைவிட, 'புல எண் இன்னது, இந்தத் தேதி காலை, நடவு வயலில் நாற்பது நத்தைகுத்தி நாரைகள் மேய்ந்தன, வரப்பில் உடைந்த நத்தை ஓடுகள் கிடந்தன' என்ற ஒரு வரிக்கு எடை அதிகம். தேதியோடு செல்போன் படம் இணையுங்கள். அப்புறம், அந்த நிலம் புதிய வரைபடத்தில் எல்லைக்கு வெளியே போகிறது என்று குறித்துக் காட்டுங்கள். வாட்ஸ்அப் கடிதம் வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரே வாசகத்தில் வரும் ஆயிரம் கடிதங்களை ஒரே கட்டாகக் கட்டி ஒரே பதிலில் முடிப்பது எளிது.

தாராளமாகத் தமிழில் எழுதுங்கள். 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு (திட்டங்களால் சூழலுக்கு வரும் பாதிப்பைக் கணிக்கும் விதிகள்) வரைவை, தமிழ் உள்பட அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்திலும் பெயர்க்கச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம். ஆட்சேபிக்கும் அவகாசத்தையும் அந்த ஆண்டு ஆகஸ்ட் 11 வரை நீட்டியது. மின்னஞ்சலோடு ஸ்பீடு போஸ்டிலும் ஒரு பிரதி அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் வழக்கு என்று வந்தால், வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.